பெரிய அமாவாசையில் ரோம்

2023 அக்டோபர் 13, வெள்ளி, இரவு

மியூனிக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஏறி உட்கார்ந்து பாப்பா ஒரு படம் வரைந்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டோம். டிராஸ்டெவெரே பகுதியில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறினார். அடுத்த முறை தரைத்தளம்தான்.

பெட்டியைத் திறந்ததும் அம்மா முதலில் எடுத்தது ஒரு பொட்டலம் கறுப்பு எள்.

"நாளைக்குப் பெரிய அமாவாசை அம்மிணி."

மகாளய அமாவாசை! எனக்குச் சுருக்கென்றது. ஆகஸ்டில் டிக்கெட் போட்டபோது விமான விலையைப் பார்த்தேன், கணவரின் லீவைப் பார்த்தேன், காலண்டரைப் பார்க்கவில்லை. அப்பா வருஷா வருஷம் இந்த நாளில் கரூரிலிருந்து கொடுமுடிக்குப் போய், காவிரியில் முழுகி, அப்பாருக்கும் அப்பத்தாவுக்கும் திதி கொடுப்பவர். மூன்று மாத விசாவில் எங்களைப் பார்க்க வந்தவரை இந்த நாளாகப் பார்த்து ஊர் சுற்றக் கூட்டி வந்திருக்கிறேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஆசையாப் போட்டிருந்தே" என்றார் அம்மா.

அப்பா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். "இங்க ஆறு இருக்குதுல்ல? போதும்."

அக்டோபர் 14, சனி

காலை எட்டரைக்கே டைபர் ஆற்றுக்குப் போய்விட்டோம். ஆற்றின் நடுவில் கப்பல் வடிவத்தில் ஒரு தீவு. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பாலம் ஏறிப் போனால் தீவு, தீவிலிருந்து அக்கரைக்கு இன்னொரு பாலம். அந்த இரண்டாவது பாலம் கி.மு. 62-ல் கட்டியது. இன்றும் அதன் மேல்தான் சனங்கள் நடக்கிறார்கள். ஆற்றின் இரு கரையிலும் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு சுவர். 1870 வெள்ளத்துக்குப் பிறகு எழுப்பியது அது. அதனால் தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் படி இறங்கித்தான் ஆக வேண்டும். தீவின் ஓரத்தில் அகலமான கல் தளம் இருந்தது. அம்மா மேலேயே நின்றுகொண்டார்.

"தெற்கு எந்தப் பக்கம் கண்ணு?"

போனில் திசைகாட்டியைப் போட்டுக் காட்டினேன். அப்பா செருப்பைக் கழற்றினார், பேண்ட்டை முழங்கால் வரை மடித்தார், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் எள். அதன்மேல் தண்ணீர். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே அது வழிந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த தண்ணீரில் எள் ஒரு நொடி மிதந்து, கொஞ்ச தூரம் போய், தடுப்பணை நுரையில் மறைந்தது. மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொன்னார். அருவி மாதிரி இரைச்சல், எனக்கு அப்பாரின் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பெண், என்னவோ புரிந்தவள் போல் போன் பாட்டை நிறுத்திவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்து, "தண்ணி நல்லா ஓடுது" என்றார்.

திரும்பும் வழியில் அவரிடம் ஒன்று சொன்னேன். பழைய ரோமர்களும் இறந்த முன்னோருக்கென்று ஒன்பது நாள் ஒதுக்கியிருந்தார்கள். பிப்ரவரி 13 முதல் 21 வரை. கல்லறைக்குப் போய் மாலையும் தானியமும் கொஞ்சம் உப்பும் திராட்சை மதுவில் நனைத்த ரொட்டியும் வைப்பார்கள். அந்த நாட்களில் கோயில் கதவை அடைத்துவிடுவார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்பா நடையை நிறுத்திவிட்டார். "மகாளய பட்சத்துல நம்மளும் வைக்கறதில்லையே!" பிறகு வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார். தானியம் என்ன தானியம், எள் உண்டா, யார் செய்வது, மூத்த மகனா என்று கேள்விக்கு மேல் கேள்வி.

அம்மா சோறு, பருப்பு, வாழைக்காய் பொரியல் செய்துவிட்டார். வாழைக்காயும் மியூனிக்கிலிருந்து பெட்டியில் வந்ததுதான். ஜன்னல் விளிம்பில் ஒரு கவளம் வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டார். முதலில் வந்தது ஒரு கடற்புறா, கோழி அளவுக்கு இருந்தது. அம்மா துண்டை வீசி விரட்டினார். பத்து நிமிஷம் யாரும் சாப்பிடவில்லை. அப்புறம் எதிர்வீட்டு ஓட்டிலிருந்து காகம் ஒன்று இறங்கியது. தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு முழுக்கச் சாம்பல். இங்கத்துக் காகமே அப்படித்தான்.

"அம்மிச்சி, இது பாதிக் காக்காதானே?" என்றாள் பாப்பா.

"குளிர் ஊருல்ல சாமி, சட்டை போட்டிருக்குது."

மூன்று கொத்துக் கொத்திவிட்டுப் பறந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒரு மணிவாக்கில் பாந்தியன் போனோம், பழைய ரோமர் கோயில். தலைக்கு ஐந்து யூரோ, இந்த ஜூலையிலிருந்துதான் டிக்கெட். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126-ல் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. இரும்புக் கம்பி ஒன்று கூடக் கிடையாது. அடியில் கனமான கல் போட்ட கான்கிரீட், மேலே போகப் போக இலேசான கல், உச்சியில் எரிமலை நுரைக்கல். நடு உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேதான் விழும், தரையில் சின்னச் சின்னத் துளைகள் வழியே வடிந்துவிடும்.

இதெல்லாம் நான் படித்துவிட்டுப் போனது. போய் நின்றபோது பார்த்தது வேறு. அந்தத் துளை வழியே இறங்கிய வெயில், வாசலுக்கு மேலே குவிமாடத்தின் கீழ்வரிசைக் கட்டங்களில் ஒரு பெரிய வட்டமாக விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது நகர்வது தெரிகிறது. அப்பாவும் பாப்பாவும் பெஞ்சில் தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கட்டத்தின் ஓரத்தை வெயில் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ட்ரெவி நீரூற்றில் நிற்க இடமில்லை. பாப்பா காசு போட்டாள், வந்துவிட்டோம். தெருக்குழாய்தான் அவளுக்குப் பிடித்தது. 1874-லிருந்து ஊரெல்லாம் நிற்கும் இரும்புக் குழாய்கள், வளைந்த மூக்கு, எந்நேரமும் ஓடும் குளிர்ந்த தண்ணீர். வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். அம்மா ஒவ்வொரு குழாயிலும் பாட்டிலை நிரப்பினார்.

அக்டோபர் 15, ஞாயிறு

கொலோசியம் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அம்மா உள்ளே கால் மணி நேரம் இருந்துவிட்டு, "இங்க எத்தனை உசுரு போச்சோ, வெளிய போலாம்" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது.

அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ஃபோரம், பழைய ரோமின் நடுச்சதுக்கம், இப்போது இடிபாடுகள். நான் இந்தப் பயணத்தைப் போட்டதே அதற்காகத்தான். அப்பா முப்பத்தொரு வருடம் தமிழாசிரியர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை, முசிறித் துறையை, எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பார்! சேரர் தலைநகர் வஞ்சி எங்கள் கரூர்தான் என்று யாரோடும் வாதாடுவார். அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசு கிடைத்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறும்.

மாக்சென்டியஸ் மண்டபத்தின் முன் அவரை நிறுத்தினேன். மூன்று பிரம்மாண்ட வளைவுகள் மட்டும் மிச்சம். "இதுக்கு அடியிலதாங்கப்பா மிளகுக் கிடங்கு." முதல் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய கிடங்கு. மிளகும் வாசனைச் சரக்கும் இங்கே வந்துதான் இறங்கின. பொன் வெள்ளி போல நிறுத்து வாங்குகிறார்களே என்று ரோம எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தது இந்தச் சரக்கைத்தான். கி.பி. 408-ல் கோத் இனத் தலைவன் அலாரிக் இந்த நகரத்தை முற்றுகையிட்டு விலக விலை கேட்டபோது, தங்கம் வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் வாங்கிக்கொண்டான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா கையைப் பிடித்து இழுத்தபோது, "இரு சாமி, அப்புச்சி இத்தனை வருசமா இந்த எடத்துக்கு வராமயே பாடம் சொல்லியிருக்கேன்" என்றார். வெயிலில் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். ஒரு போட்டோ எடுத்தேன். அவர் காமிராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரவு உணவுக்கு இந்த ஊர் மிளகு நூடுல்ஸ் வாங்கித் தர நினைத்தேன், காச்சோ எ பேபே. ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும்தான். ஆனால் அந்தச் சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு விட்டு உறைய வைப்பார்கள். அம்மா புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டார். சொன்னேன். சரி, நானே செய்கிறேன் என்று கடையில் ஸ்பகெட்டியும் வெண்ணெயும் வாங்கினார். வெண்ணெயை உருக்கி, கொண்டு வந்திருந்த மிளகைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டினார். அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 16, திங்கள்

மியூனிக். எட்டு டிகிரி. அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில் நான்கு தாளை ஒன்றாகக் கிழித்தார் அம்மா. அப்படியே நவம்பர் வரை புரட்டி, 12-ஆம் தேதியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"தீவாளி ஞாயித்துக்கிழமை வருது. எங்கயும் டிக்கெட் போட்றாத அம்மிணி."