அத்தை வேண்டிக்கொண்ட வாழைத்தார்

பேரனுக்கு ஐந்து மாதம் முடிவதற்குள் திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சிவன், தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்திவிட வேண்டும் என்று அத்தை நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேண்டிக்கொண்டது நானோ என் கணவரோ இல்லை, என் மாமியார்தான்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருச்சி வாழைக்காய் மண்டிக்குப் போய், ஒரு காய்கூட அடிபடாத பூவன் தாராகப் பார்த்து அத்தையே பொறுக்கி எடுத்தார்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிடுவதற்கு முன்பே ஓர் ஆள் வழியை மறித்துக்கொண்டார். 500 ரூபாய் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப்போகிறாராம். கைக்குழந்தையோடு வருகிறவர்களிடமும் பேரம் பேச எப்படித்தான் மனது வருகிறதோ! அத்தை திரும்பியே பார்க்கவில்லை.

உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 400 படிகளுக்கு மேல். தாயுமானவர் சன்னதி நடுவில்தான் என்றாலும் மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே அதிகம். பாறையைக் குடைந்த அந்த அரையிருட்டுப் படிக்கட்டில் கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டே ஏறியது. பத்துப் படிக்கு ஒருமுறை அத்தை உட்கார்ந்தார்கள். என் கணவர் தோளில் தார். "தூக்கத்தான் முடியவில்லை, என் கையாவது அதில் இருக்கட்டும்" என்று காம்பைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். வெட்டிய காம்பிலிருந்து பால் கசிந்து அவர்களின் பட்டுப்புடவை முந்தானையில் சொட்டியது.

என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார்கள். தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. வலி எடுத்த இரவில் நல்ல மழை, கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். ஆட்டோ பிடித்து, என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அத்தைதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். விடியும்வரை இடுப்பை நீவிவிட்டார்கள். பிரசவ அறைக்குள் வலி தாங்காமல் "அம்மா" என்று நான் அலறியபோது, கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது: "இங்கேதான் இருக்கிறேன் கண்ணு!" அந்த வராந்தாவில் நின்றுதான் தாயுமானவருக்கு வேண்டிக்கொண்டார்களாம்.

காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் தவித்த செட்டிப்பெண் ஒருத்திக்கு, சிவனே அவள் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பதுதான் தாயுமானவர் கதை. வந்தது தன் தாய் இல்லை என்று அவளுக்கு, காவிரி வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்த நிமிடமே தெரியும், வெளியில் நிற்பது என்னைப் பெற்றவள் இல்லை என்று. தெரிந்தும், அந்தக் குரலைக் கேட்டதும் பயம் போய்விட்டது.

சன்னதியில் நெரிசல். "நகருங்கள், நகருங்கள்" என்று ஒரே சத்தம். அர்ச்சகர் தாரை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையின் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அத்தைதான் சொன்னார்கள். தீபாராதனை காட்டினார்கள். கற்பூர ஒளியில் அந்தப் பெரிய திருமேனி முழுவதும் தெரிந்தது. பிள்ளை கண் கொட்டாமல் தீபத்தையே பார்த்தான். கேட்க வேண்டியவை என்று வரிசையாக மனதில் வைத்திருந்தேன். கணவருக்கு உள்ளூரிலேயே வேலை, பிள்ளைக்கு ஆயுள், அத்தையின் மூட்டுவலி. ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா" என்று மட்டும்தான் வந்தது.

பக்கத்திலிருந்து அத்தை சட்டென்று திரும்பி, "என்ன கண்ணு?" என்றார்கள்.

என்னப்பனே, தாயுமானவனே, உன்னிடம் வேறென்ன கேட்பேன்! மட்டுவார்குழலி அம்மனை எப்படிக் கும்பிட்டேன், கூட்டத்தில் எப்படி வெளியே வந்தேன் என்று எதுவும் நினைவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது மட்டும் நினைவிருக்கிறது. காரணம் கேட்காமல் அவர்களும் அழுதார்கள்.

கீழே வந்து பார்த்தால் முந்தானையில் வாழைக்கறை கருத்துப் போயிருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை அது. நான் பதறினேன். "கறை போகாது, விடு" என்று சொல்லிவிட்டு, அந்த முந்தானையிலேயே பிள்ளைக்கு வெயில் படாமல் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினார்கள்.