மாதிரி விசாரணையில் சன்ஹெட்ரின்: பழைய யூதச் சட்டம் படிப்பவர்களுக்கு

பழைய யூதச் சட்டத்தை மாதிரி விசாரணை வழியே படிக்கப் போகிறீர்கள் என்றால், வழக்கறிஞர் வேடத்தை முதலில் மறந்துவிடுங்கள். சன்ஹெட்ரின் எனப்பட்ட அந்தக் கால யூத நீதிமன்றத்தில் அரசுத் தரப்பும் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீலும் இல்லை. சாட்சியை எச்சரிப்பதும், குடைந்து கேட்பதும், வாதாடுவதும், தீர்ப்பளிப்பதும் நீதிபதிகளே. எங்கள் சட்ட வரலாற்று வகுப்பில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைவிட, மூலநூலைக் கவனமாகப் படித்தவர்களே இதில் மிளிர்ந்தார்கள்.

படிக்க வேண்டியது அதிகமில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ‘சன்ஹெட்ரின்’ பகுதியில் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள். ‘மக்கோத்’ பகுதியில் முதல் அத்தியாயம். மிஷ்னாவை அலசும் பிற்கால நூலான தல்மூத்தின் விவாதங்களைப் பிறகு படிக்கலாம்.

கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பணத் தகராறுக்கு 3 நீதிபதிகள் போதும். உயிர் சம்பந்தப்பட்ட வழக்குக்கு 23 பேர். ஆள் இல்லை என்று இதைக் குறைத்துவிடாதீர்கள். விடுவிக்க ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும், தண்டிக்க இரண்டு கூடுதலாக வேண்டும் என்ற விதியின் கனம் எண்ணிக்கையில்தான் தெரியும். 12 பேர் தண்டிக்கவும் 11 பேர் விடுவிக்கவும் சொன்னால் தீர்ப்பு இல்லை. நீதிபதிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், 71 வரை.

நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய, கதிரடிக்கும் வட்டக் களத்தில் பாதியைப் போல உட்கார வேண்டும் என்கிறது மிஷ்னா. எதிரே மூன்று வரிசை மாணவர்கள். அவர்களில் ஒருவர் விடுவிக்க வாதம் இருக்கிறது என்றால் மேலே அழைத்து நீதிபதிகளோடு அமர்த்துவார்கள். தண்டிக்க வாதம் இருக்கிறது என்றால் வாயை அடைத்துவிடுவார்கள். கருத்துச் சொல்வது ஓரத்தில் இருக்கும் இளையவரிடமிருந்து தொடங்கும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவருக்குப் பின்னால் போய்விடக்கூடும் அல்லவா?

அதிக நேரம் கொடுக்க வேண்டியது சாட்சி விசாரணைக்கு. சாட்சிகள் இருவரையும் தனித்தனி அறையில் வையுங்கள். ஏழு கேள்விகள் கட்டாயம்: ஏழாண்டு கொண்ட ஓய்வாண்டுச் சுழற்சிகளில் எது, எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன தேதி, என்ன கிழமை, எந்த மணி, எந்த இடம். பிறகு, அவனைத் தெரியுமா, குற்றம் செய்தவனை முன்பே எச்சரித்தாயா என்றும் கேட்பார்கள். பென் சக்காய் என்ற அறிஞர் அத்திப்பழக் காம்புகளைப் பற்றிக்கூட நுணுக்கமாகக் கேட்டார் என்று மிஷ்னா சொல்கிறது.

எங்கள் விசாரணையில் ஒரு சாட்சி மாதத்தின் இரண்டாம் நாள் என்றார், மற்றவர் மூன்றாம் நாள் என்றார். வழக்கு உடைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். இல்லை. பிறையைப் பார்த்த சாட்சியத்தைக் கொண்டு நீதிமன்றம் மாதத்தை அறிவித்த காலம் அது. சென்ற மாதத்துக்கு 30 நாள் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கும், மற்றவர் 29 என்றே எண்ணியிருப்பார், சாட்சியம் நிற்கும். ஒருவர் மூன்று, மற்றவர் ஐந்து என்றால் நிற்காது. பஞ்சாங்கமும் சான்றுச் சட்டமும் பிணைந்திருப்பதை எந்தப் பாடக்குறிப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஊகத்தைச் சாட்சியமாக ஏற்கவே மாட்டார்கள். ஒருவனைத் துரத்திக்கொண்டு இன்னொருவன் பாழடைந்த கட்டடத்துக்குள் ஓடுகிறான். பின்னால் போய்ப் பார்த்தால் கையில் இரத்தம் சொட்டும் வாள், கீழே துடிக்கும் உடல். தல்மூத் தரும் இந்தக் காட்சியிலும் சாட்சி ‘கண்டேன்’ என்று சொல்ல முடியாது. வழக்கின் கதையை இதை ஒட்டி அமைத்தால் விவாதம் சூடு பிடிக்கும்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். விடுதலையை அன்றே சொல்லலாம். தண்டனையை மறுநாள்தான் சொல்ல வேண்டும். அதனாலேயே நீதிமன்றம் கூடாத ஓய்வுநாளான சனிக்கிழமைக்கு முந்திய நாளில் இத்தகைய வழக்கைத் தொடங்குவதில்லை.

தேர்வில் இவை அனைத்தும் நடைமுறையில் இருந்தவை என்று எழுதிவிடாதீர்கள். எருசலேம் ஆலயம் இடிந்தது கி.பி. 70-ல், மிஷ்னா அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. ‘நாங்கள் சன்ஹெட்ரினில் இருந்திருந்தால் ஒருவர்கூடக் கொல்லப்பட்டிருக்க மாட்டார்’ என்று தர்ஃபோன், அகிவா என்ற அறிஞர்கள் சொன்னதாக மக்கோத்தில் வருகிறது. ‘இருந்திருந்தால்’ என்றுதான் பேசுகிறார்கள். அப்படியானால் கொலைகாரர்கள் பெருகியிருப்பார்கள் என்று இன்னோர் அறிஞரான ஷிமோன் பென் கம்லியேல் மறுக்கிறார். விசாரணை முடிந்ததும் இந்த மூவரில் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்; நீதிபதியாக உட்கார்ந்து எழுந்த பிறகு வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.