கோத்தகிரிக் குளிரில் கீமோவும் வீணையும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கும் முன்பே, நான் வீணை வாசிப்பவள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வாத்தியம் வாசிக்கும் யாராக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டின். அது கைகால் நரம்புகளைப் பாதிக்கும். ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் சுருக்கென்று குத்தும், பச்சைத்தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும்.

நான் இருப்பதோ கோத்தகிரி, அதுவும் மார்கழி. மருந்தின் ஒரு பகுதி 46 மணி நேரம் பம்ப்பில் ஏறும். அதைக் கழற்றும்வரை கோவையில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுவேன். வீட்டுக்கு வந்து வீணையைத் தொட்டால் மெட்டும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை) தந்தியும் சில்லிட்டுக் கிடக்கும்.

ஹீட்டரைப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை; சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து ஸ்வர ஸ்தானமே கெட்டுவிடும். அதனால் ஹீட்டர் எனக்கு, எதிர்ச் சுவரோரம் வீணைக்கு. வெயிலேறி அறை வெதுவெதுப்பான பிறகு, கையுறையைக் கழற்றி, தந்திகளைக் கம்பளித் துணியால் தேய்த்துவிட்டு உட்காருவேன். கீமோவால் ரத்த வெள்ளணு குறையும் நாட்களில் தந்தி விரலை அறுத்தால் தொற்று வரலாம் என்று நர்ஸ் சொன்னதால் அப்போது தந்தியை அழுத்தி இழுக்கவே மாட்டேன். அப்படி இழுத்து ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் என்ன வாசிப்பது? முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாடல்கள் கைகொடுத்தன. மேற்கத்தியப் பாட்டு மெட்டில் அமைந்தவை, இழுப்பு வேண்டாம். பசி செத்த நாட்களிலும் வாசிக்கும் ஆசை மட்டும் சாகவில்லை.

முதலில் அடுத்த ஊசிக்குள் விரல் மரமரப்பு போய்விடும். ஒரு முறை போகவில்லை. பட்டன் போடுவதில் சிரமமில்லை, ஆனால் வீணையின் முதல் தந்தியான சாரணி ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்த முறை போனபோது இதை அப்படியே சொன்னேன். டாக்டர் அந்த மருந்தின் அளவைக் குறைத்தார். பிறகு அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்தார். வீணை இல்லையென்றால் இன்னும் சில ஊசி ஏறிய பிறகுதான் எனக்கே தெரிந்திருக்கும்.

நிறுத்திய பிறகும் சில மாதம் மரமரப்பு கூடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார், கூடவும் செய்தது. இப்போது மெல்லக் குறைகிறது. சாரணியில் ஒரு ஸ்வரம்வரை இழுக்க வருகிறது, தடித்த மந்தரத் தந்தியில் இன்னும் வரவில்லை. பாதமும் மரத்திருப்பதால், வாசித்து முடித்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.