ஒநேசிமுவின் கடன்

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, நிறையப் பேர் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள், மொத்தமே 25 வசனம்தான். ஆனால் ஓர் ஆத்துமாவுக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ஒநேசிமு ஓர் அடிமை. எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்து (ஓடிப்போனான் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்) காவலில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியாகிறான். ரோமச் சட்டப்படி அவன் எஜமானின் சொத்து, ஆடுமாடு மாதிரி விலைபேசி விற்கலாம். பவுல் அவனைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று கைப்பட எழுதி, இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். கடனே இல்லை என்று பூசி மெழுகவில்லை பாருங்கள், எனக்குப் பிடித்த இடமே அதுதான். கடன் இருக்கிறது, இன்னொருவர் கட்டுகிறார். சிலுவையைப் பற்றி மற்ற நிருபங்களில் அவர் பக்கம் பக்கமாக விளக்குவதும் இதைத்தானே. நாம் எல்லோருமே ஒநேசிமுக்கள் என்று திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதியது சும்மா இல்லை.

சரி, அடிமைமுறையையே பவுல் ஏன் நேரடியாகக் கண்டிக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துகிறது. பிலேமோன் என்ன பதில் சொன்னார் என்பதும் வேதத்தில் இல்லை.