ரம்பத் தகடு தேடி மிகி நகருக்கு

பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் உள்ள சிறிய மரவேலைப் பட்டறைச் சுவரில், ஒன்றரை ஆண்டுகளாகப் பிரம்பு சுற்றிய ஒரு நீண்ட கைப்பிடி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பொருந்தியிருந்த ஜப்பானிய இழுப்பு ரம்பத்தின் தகடு, பழைய தேக்கு நிலை ஒன்றை அறுக்கும்போது உள்ளே புதைந்திருந்த ஆணியில் பட்டு ஏழெட்டுப் பற்களை வரிசையாக இழந்துவிட்டது. நம் ஊர் ரம்பமாக இருந்திருந்தால் முக்கோண அரத்தை எடுத்து ஒரே மாலையில் சரிசெய்திருப்பேன். ஆனால் இந்தத் தகட்டில் பல்முனைகளை மட்டும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள். அரம் அவற்றின் மேல் வழுக்குமே தவிர அராவாது. தகட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதுதான் வழி. மதுரையிலும் சென்னையிலும் நான் விசாரித்த கடைகள் எதிலும் அந்த மாற்றுத் தகடு கிடைக்கவில்லை.

கடந்த அக்டோபரில் அலுவலக வேலையாக ஒசாகா செல்ல நேர்ந்தபோது, வேலை முடிந்த பின் இரண்டு நாட்களை இதற்கென்றே ஒதுக்கிக்கொண்டேன். புறப்படுவதற்கு முன் உடைந்த தகட்டை வெண்ணெய்த்தாளில் வைத்து ஓரம் முழுவதும் பென்சிலால் வரைந்து, கைப்பிடிக்குள் நுழையும் கொக்கிப் பகுதியின் அளவுகளை வெர்னியர் அளவுகோலில் எடுத்துக் குறித்துக்கொண்டேன். மர ஓரங்களைச் செதுக்கும் என் சிறு மின்கருவியான ட்ரிம்மரில், வெட்டு முனையின் (பிட்டின்) தண்டைப் பிடிக்கும் காலெட்டையும் அளந்து பார்த்தேன், அது 6 மி.மீ. நம் ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல பிட்டுகள் பெரும்பாலும் கால் அங்குலத் தண்டு கொண்டவை, அதாவது 6.35 மி.மீ. அவை இதற்குள் நுழையா. ஜப்பானில் ட்ரிம்மருக்கு 6 மி.மீ. தண்டுதான் வழக்கம் என்பதால் அந்தப் பிட்டுகளையும் வாங்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தேன். இயந்திரம் எதையும் சேர்க்கவில்லை. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது இங்கே பயன்படாது.

முதல் நாள் கோபே நகருக்குச் சென்றேன். ஷின்-கோபே ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தாகெனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. 1984-இல் தொடங்கப்பட்டு 2014-இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறிய இந்த இடத்தில், 1943-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றின்படி முறையான ஒரு கட்டடத்தை எழுப்பும் தச்சர் வைத்திருந்த கருவித் தொகுதியை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 179 உருப்படிகள். அவற்றில் என்னை நெடுநேரம் நிற்க வைத்தவை உளிகளும் இழைப்புளிகளும் அல்ல, அவற்றைப் பராமரிக்கும் சிறிய பொருட்கள்தாம். அரங்களும் தீட்டுக் கற்களும் இல்லாமல் மற்றக் கருவிகள் ஒரு மாதம்கூட வேலை செய்யமாட்டா என்று அங்கே நிற்கும்போது எனக்கு மிகத் தெளிவாகப் பட்டது. ரம்பத்துக்குப் பல் தீட்டுவதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களை அங்கே ‘மேதாதே’காரர்கள் என்கிறார்கள். பல் உடைந்த என் தகட்டை நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் கோபேயின் ஷின்காய்ச்சி நிலையத்திலிருந்து ரயிலேறி, மலைச்சரிவுகளினூடாக மிகி நகருக்குப் போனேன். 1578 முதல் 1580 வரை, பின்னாளில் ஜப்பானை ஒன்றுபடுத்திய தளபதி ஹிதேயோஷியின் படை மிகிக் கோட்டையை முற்றுகையிட்டதில் ஊர் பாழாகியது. அதன்பின் ஊரை மீண்டும் கட்டத் திரண்ட தச்சர்களும், அவர்களுக்குக் கருவி செய்த கொல்லர்களும்தான் இன்றைய மிகியின் வேர் என்று சொல்லப்படுகிறது. ரம்பம், உளி, இழைப்புளி, கரணை, சிறுகத்தி ஆகிய ஐந்தும் இவ்வூரின் பெயர் சொல்லும் பொருட்கள். என் கைப்பிடிக்குரிய, ‘ஜெட்ஸா’ என்ற பெயரில் விற்கும் தகடுகளைச் செய்யும் நிறுவனமும் இவ்வூரில்தான் இருக்கிறது.

நான் நுழைந்த கடையின் முதியவருக்கு ஜப்பானிய மொழி தவிர வேறு தெரியாது. கைப்பேசி மொழிபெயர்ப்பை நீட்டுவதற்கு முன்பே அவர் என் வெண்ணெய்த்தாளை வாங்கி, மேசையில் விரித்து, அலமாரியிலிருந்து ஒரு தகட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். 265 மி.மீ. நீளத் தகடு என் பென்சில் கோட்டின் மேல் ஒரு மயிரிழை விலகாமல் படிந்தது. ஒன்றரை ஆண்டுத் தேடல் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று மனம் நெகிழ்ந்தது. நான்கு தகடுகள் கேட்டேன்.

அவர் உடனே எடுத்துத் தரவில்லை. என்ன மரம் அறுக்கிறேன் என்று கேட்டார். தேக்கு, வேம்பு என்று கைப்பேசியில் காட்டியதும் தலையை அசைத்தார். இந்தத் தகட்டின் நீண்ட கூர்மையான பற்கள் சுகி, ஹினோகி போன்ற மென்மரங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கடின மரத்தில் அவசரப்பட்டால் பல் ஒடியும், போதாததற்குத் தேக்கில் இருக்கும் சிலிக்கா கூர்மையை வேகமாகத் தின்றுவிடும் என்று விளக்கினார். இரண்டு தகடுகளை மட்டும் கட்டிவிட்டு, பல் கடினமாக்கப்படாத பழைய வகை ரம்பம் ஒன்றையும், அதனுடன் கத்தி போல மெலிந்த, குறுக்குவெட்டில் சாய்சதுரமான ஓர் அரத்தையும் என் முன் வைத்தார். ஜப்பானிய ரம்பப் பற்களின் இடுக்கு மிகக் குறுகலானது. நம் முக்கோண அரத்தின் 60 பாகை மூலை அதற்குள் இறங்காது, இந்த மெல்லிய அரம்தான் இறங்கும். இப்படி ஓர் அரத்தை நம் ஊர்க் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. ரம்பம் ஒன்று, அரம் மூன்று வாங்கினேன்.

தீட்டுக் கல்லுக்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். நம் பட்டறைகளில் உளிக்கு எண்ணெய்க்கல்லில் ஒரு தீட்டோடு நிறுத்திக்கொள்வோம். இங்கே நீரில் தீட்டும் கற்களில் (எண் கூடக் கூடக் கல்லின் மணல் நயமாகும்) 1000 எண்ணில் கூர் ஏற்றி, 6000 எண்ணில் மெருகேற்றுகிறார்கள். முதியவர் தீட்டிக் காட்டிய உளி, மரத்தின் குறுக்குமுனையைக் கண்ணாடி போலச் சீவியது. இரண்டு எண்களிலும் ஒவ்வொரு கல் எடுத்தேன். ஈரக்காற்றில் எஃகு துருவேறும் என்று நான் சொன்னதும் ஒரு சிறு புட்டி கமேலியா எண்ணெயையும் வைத்தார். ட்ரிம்மர் பிட்டுகளைத் திரும்பும் வழியில் ஒசாகாவின் பெரிய கடை ஒன்றில் வாங்கினேன், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கடவுச்சீட்டைக் காட்டியதால் அங்கே 10 விழுக்காடு நுகர்வு வரி கழிந்தது.

கூர்மையான பொருட்களைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்தேன். கற்களைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி, ரம்பத்தின் பல் ஓரத்துக்கு அட்டையை மடித்துச் செருகிக் கட்டினேன். எதுவும் உடையாமல் வந்து சேர்ந்தது.

ஊர் வந்த மறுநாள், எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரி அண்ணாச்சி பார்க்க வந்தார். புதுத் தகடு மாட்டிய ரம்பத்தைக் கையில் எடுத்துப் பழக்கத்தில் முன்னோக்கித் தள்ளப் போனவரிடம், “இழுக்கும்போதுதான் வெட்டும் அண்ணாச்சி” என்றேன். மெதுவாக நான்கைந்து முறை இழுத்தார். மஞ்சணத்தித் துண்டில் கீறல் போன்ற ஒரு மெல்லிய வெட்டு இறங்கியது. பல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முனை மழுங்கினா இதை அராவ முடியாதா தம்பி?” என்று கேட்டார். முடியாது என்றதும் அதை மேசைமேல் வைத்துவிட்டார். பிறகு அந்தப் பழைய வகை ரம்பத்தையும் மெல்லிய அரத்தையும் நான் எடுத்துக் கொடுத்தபோது, அரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பல்லின் இடுக்கில் பொருத்தி, மிக மென்மையாக ஒருமுறை இழுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சம் விழும் திண்ணைப் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.