நிலம் கிடைத்தது, தண்ணீர் எங்கே?

தென்னாப்பிரிக்காவில் திராட்சை பயிரிட விரும்புகிறவருக்கு நிலப்பத்திரம் மட்டும் போதாது. தண்ணீர்ப் பயன்பாட்டு உரிமையும் வேண்டும். மழை குளிர்காலத்தில் பெய்ய, பழம் வறண்ட கோடையில் முதிரும் மேற்குக் கேப் பகுதியில் மானாவாரித் தோட்டங்கள் சில இருந்தாலும், ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் உண்பழத் திராட்சையோ, வடக்குக் கேப் பகுதியின் ஆரஞ்சு ஆற்றங்கரையில் அப்பிங்டன், காகமாஸ் ஊர்களைச் சுற்றி விளையும் உலர்திராட்சையோ பாசனமின்றி விளையாது.

1956 ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி, ஆற்றங்கரை நிலம் எவருடையதோ அவருக்கே ஆற்றுநீரில் பங்கு இருந்தது. 1913 ஆம் ஆண்டு நிலச் சட்டம் முதலாகவே கறுப்பின மக்கள் நாட்டின் மிகப் பெரும்பகுதியில் நிலம் வாங்க முடியாதிருந்ததால், அந்தப் பங்கும் அவர்களுக்கு எட்டவில்லை. 1998 ஆம் ஆண்டுத் தேசியத் தண்ணீர்ச் சட்டம் கரையுரிமையை ஒழித்து, நாட்டின் தண்ணீர் முழுவதையும் மக்களின் சார்பில் அரசின் பொறுப்பில் வைத்தது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடிருப்பதற்கும் உரியதை ஒதுக்கிய பிறகே பாசனத்துக்குப் பங்கு என்று அது விதித்ததை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் அதே சட்டம், நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முறைப்படி தண்ணீர் எடுத்துவந்தவர்கள் புதிய உரிமம் இன்றியே தொடர்ந்து எடுக்கலாம் என்றும் இடமளித்தது. நட்டு நிற்கும் கொடிகளை ஒரே நாளில் காயவிட முடியாது என்பதால் இதில் நியாயம் உண்டு. எனினும், நீர் முழுவதும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்ட ஆற்றுப்படுகையில், நிலச் சீர்திருத்தத்தின் வழியே நிலம் பெற்ற புதிய விவசாயிக்கு மிச்சம் என்ன இருக்கும்? பழைய அநீதியைச் சரிசெய்யும் தேவையை உரிமம் வழங்குகையில் கருத வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், விண்ணப்பங்கள் நெடுங்காலம் தேங்குகின்றன. திராட்சைக்கொடி பலன் தரவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். தண்ணீர் உறுதியில்லாத நிலத்தில் இத்தகைய நீண்டகால முதலீட்டுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் தயங்கும்.

உரிமை இருந்தாலும் வறட்சியில் அளவு குறையும். கேப் டவுன் குடிநீருக்குத் தவித்த 2017-18 பருவத்தில், அந்நகரோடு அணைகளைப் பகிர்ந்த வேளாண்மைக்கு 60 விழுக்காடு வெட்டு விழுந்தது. குடிநீருக்கு முதலிடம் தந்தது சரியே. ஆனால் ஒரே விழுக்காட்டு வெட்டு எல்லோரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. பெரிய தோட்டக்காரர் முதிய கொடிகளைக் கைவிட்டு இளங்கொடிகளைக் காப்பாற்றலாம். ஒரே துண்டு நிலம் உள்ளவருக்கு அந்தத் தெரிவு கிடையாது. ஆகவே நிலத்தை மாற்றிக் கொடுக்கும் ஆணையிலேயே அதற்குரிய தண்ணீரும் எழுதப்பட வேண்டும்; வெட்டு விதிக்கும்போது சிறு தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்.