ஏற்காடு ஏற்றத்தில் அரை பார் பூஸ்ட்

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் வேரூன்றியிருப்பதால், சேலம் வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு, புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ என்பது அன்றாடம் கழற்றி மாட்டுகிற சாமான். அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தே பேரிங் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் டர்போ இல்லாமலேயே தயாரிக்கப்பட்ட ஒரு பெட்ரோல் காருக்கு வெளியிலிருந்து டர்போ வாங்கிப் பொருத்துவது வேறு வகையான வேலை. அந்த வேலையில் லாரிக்காரர்களின் அனுபவத்தை எண்ணெய் விஷயத்தில் அப்படியே நம்பலாம், வெப்ப விஷயத்தில் நம்பக் கூடாது என்பதுதான் என் முடிவு.

என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் விடெக் எஞ்சின் கொண்டது. 2000-களின் தொடக்கத்தில் 106 குதிரைத்திறனுடன் விற்பனைக்கு வந்து, இன்றும் பிரியர்கள் விட்டுக்கொடுக்காத வண்டி. அந்த எஞ்சினின் தலைப்பகுதி நன்றாக மூச்சுவிடும். ஆனால் கனெக்டிங் ராடுகள் மெல்லியவை, அமுக்க விகிதமும் ஒன்பதுக்கு மேல். எஞ்சினைப் பிரித்துப் புதிய பிஸ்டனும் ராடும் போடாமல், ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொண்டே செய்வதானால், அரை பார் பூஸ்ட்டுக்கு (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) மேல் ஆசைப்படக் கூடாது என்று முதலிலேயே எல்லை வகுத்துக்கொண்டேன். அந்த எல்லைக்குள் சக்கரத்தில் அல்ல, எஞ்சினில் 150 குதிரைத்திறன் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

டர்போ தேடத் தொடங்கியதும் பலர் சொன்ன யோசனை, டீசல் கார் ஒன்றின் டர்போவைப் பழைய சாமான் கடையில் எடுத்துப் போட்டுவிடலாம் என்பதே. விலை மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் டீசல் எஞ்சினின் புகைவாயு முழுச் சுமையிலும் பெரும்பாலும் 700, 750 டிகிரியை ஒட்டி நிற்க, பெட்ரோல் எஞ்சினின் புகைவாயு 900-ஐத் தாண்டி 950 வரை போகும். டீசலுக்கென வார்த்த டர்பைன் வீட்டின் (டர்பைனைச் சுற்றிய கூட்டின்) இரும்பு இந்தச் சூட்டில் நாளடைவில் வெடிப்பு விடும். இறக்கைகளை அசைத்து வாயுவின் வழியைக் குறுக்கியும் விரித்தும் கொடுக்கிற வி.ஜி.டி. வகையாக இருந்தால் அந்த இறக்கைகள் சிக்கிக்கொள்ளும். அவை மூடிய நிலையில் சிக்கினால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆகவே பெட்ரோல் வண்டிகளில் நெடுங்காலம் பயன்பட்ட மிட்சுபிஷி டி.டி.04 வகை டர்போ ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றரை லிட்டர் எஞ்சினில் அது 3000 சுற்றை ஒட்டி விழித்துக்கொள்கிறது. மலைச்சாலைக்கு அதைவிடப் பெரிய டர்போ வீண்.

எஞ்சினின் புகைவாயுவை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டை நம்மூர் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ள முடிந்தது. உருக்காலை இருக்கிற ஊராயிற்றே, துருப்பிடிக்காத எஃகில்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள். நான் கனமான சாதாரண எஃகுக் குழாயையே கேட்டேன், ஏனெனில் 304 வகை எஃகு சூட்டில் அதிகமாக நீளும். டர்போவின் எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நீண்டு சுருங்கும்போது வெல்டிங் ஓரத்தில்தான் அது முதலில் விரிசல் விடும். துருவைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்துக்குச் சற்று விரிவான இடம் கொடுக்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடிதான். உள்ளே போகும் எண்ணெய்க்கு அழுத்தம் உண்டு. வெளியே வரும் எண்ணெய்க்கு அழுத்தமே கிடையாது. நுரைத்து, சூடேறி, தன் எடையால் மட்டும், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்க வேண்டும். வண்டி தயாராகி முதல் முறை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபோது சைலன்சரில் நீலப் புகை தள்ளியது. வேலை செய்த பட்டறையில், டர்போவின் சீல் போய்விட்டது, வேறு டர்போ பார்க்கலாம் என்றார்கள். நான் வண்டியைச் சங்ககிரியில் லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, திரும்பும் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போய், சம்ப்பில் அது சேரும் இடத்தில் நிறுத்தினார்.

"டர்போவுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க தம்பி. எண்ணெய் எறங்கறதுக்குத்தான் வழி இல்லை" என்றார்.

சம்ப்பில் துளையிட்டு வைத்த இணைப்பு, உள்ளே நிற்கும் எண்ணெயின் மட்டத்துக்குக் கீழே இருந்தது. கூடவே ஹோஸ் ஓரிடத்தில் தட்டையாக மடிந்து, பிறகு சற்று மேலேறி இறங்கியது. திரும்பிப் போக முடியாத எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் இரு முனையிலும் உள்ள வளையங்களைத் தாண்டி வழிந்திருக்கிறது. அந்த வளையங்கள் பிஸ்டன் வளையம் போன்ற உலோக வளையங்கள்தாம், ரப்பர் சீல் அல்ல. எண்ணெய் தாராளமாக இறங்கும் வரைதான் அவை காவல் காக்கும். இணைப்பை எண்ணெய் மட்டத்துக்கு மேலே மாற்றி, உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாத ஹோஸை, மேடு பள்ளம் இல்லாமல் நேர்கீழாக இறங்கும்படி வைத்ததும் புகை நின்றது. எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற வழியில்லாமல் சம்ப்பில் அழுத்தம் ஏறினாலும் இதே புகைதான் வரும் என்பதையும், பூஸ்ட் ஏறும்போது சம்ப் பக்கத்து வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு வழியாகக் காற்று பின்னோக்கிப் போகாமல் ஒருவழி வால்வு வைக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். புகையைக் கண்டு டர்போவை மாற்றச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும், முதலில் அந்த ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்.

எரிபொருள் கணக்கை வாயில் சொல்வதைவிடத் தாளில் போடுவது நல்லது. டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் கேட்கும். சற்றுக் கூடுதலாகவே 160 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 43 கிலோ. அதை நான்கு இன்ஜெக்டருக்குப் பகிர்ந்து, எந்த இன்ஜெக்டரும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று பார்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 305 சி.சி. அளவு பாய்ச்ச வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 என்பதால் அதற்கும் சேர்த்து, 370 சி.சி. இன்ஜெக்டர் போட்டேன். பழைய ரப்பர் எரிபொருள் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன்.

ட்யூனிங் கோவையில், வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் நடந்தது. எஞ்சினின் கணினியான அசல் இ.சி.யு.வை ஏமாற்றி ஓட்டும் குறுக்குவழிகள் இருந்தாலும், எரிபொருளையும் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தை) தனித்தனியே எழுத முடிகிற தனி இ.சி.யு.வைத்தான் வைத்தோம். இங்கே இ20 ஒரு சிறு குழப்பம் செய்கிறது. சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 பங்கு போதும். புகைவாயுவில் வைக்கும் வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவை, அதாவது முழுமையாக எரியத் தேவையான காற்றில் எத்தனை மடங்கு கிடைக்கிறது என்பதை. மீட்டர்தான் அதைப் பெட்ரோல் கணக்கில் மாற்றிக் காட்டுகிறது. ஆகவே பன்னிரண்டு, பதினொன்றரை என்று பழக்கத்தில் பேசுவதை விட்டு லாம்டாவிலேயே பேசுவோம் என்று முடிவு செய்து, முழு பூஸ்ட்டில் 0.80 என்று வைத்தோம். எத்தனாலின் ஆக்டேன் இங்கே நமக்குச் சாதகம் என்பதையும் சொல்ல வேண்டும். இ20-ஐத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டைமிங்கைப் பொறுத்தவரை, ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி குறைப்பது என்பது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே. அரை பார் என்றால் ஏழு பி.எஸ்.ஐ.; அங்கிருந்து தொடங்கி, எஞ்சின் பிளாக்கில் பொருத்திய சென்சார் வழியாக ஹெட்போனில், எரிபொருள் கட்டுமீறி வெடிக்கும் நாக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரை அரை டிகிரியாக முன்னேற்றினார்கள். டார்க் கூடுவது நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். நாக் கேட்கும் வரை போவது வீரமல்ல. பிளக் ஒரு படி குளிர்ந்த (சூட்டை விரைவாக வெளியேற்றும்) வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

டைனோவில் பெரிய மின்விசிறி முன்னால் வீசிக்கொண்டிருக்கும், ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஏற்காடு சாலை அப்படியல்ல. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் ஏற்றம் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1500 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போகிறது. முன்னால் ஒரு பேருந்து போனால், இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பூஸ்ட் வந்தும் போயுமாக எஞ்சின் சுமை இழுத்துக்கொண்டே இருக்கும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் வெளிக்காற்றே நுழையாது. சேலத்து 38 டிகிரி வெயிலில் அரை பாருக்கு அமுக்கப்பட்ட காற்று, கம்ப்ரசரின் (டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியின்) திறன் 70 சதவீதம் என்று கொண்டால், 93 டிகிரிக்கு வரும். வேகத்தில் போகும்போது இன்டர்கூலர் அதை 55-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறது. பேருந்தின் பின்னால் ஊர்ந்தபோது அதே சென்சார் 70-ஐத் தாண்டிக் காட்டியது. பம்பரின் திறப்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள சந்துகளை அலுமினியத் தகட்டால் அடைத்து, வரும் காற்று சுற்றிப் போகாமல் உள்ளே நுழையும்படி செய்தது கண்கூடாகப் பலன் தந்தது. அதோடு, உள்வரும் காற்று 50 டிகிரியைத் தாண்டினால் டைமிங்கைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையும் எழுதப்பட்டது.

உயரம் இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. சேலத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 98 கிலோபாஸ்கல், மேலே 85. பூஸ்ட் எல்லை மீறாமல் புகைவாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வை இயக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங், பூஸ்ட்டையும் வெளிக்காற்றையும் ஒப்பிட்டுத் திறப்பதால், கீழும் மேலும் மீட்டர் அதே அரை பாரைக் காட்டும். ஆனால் எஞ்சினுக்குள் போகும் முழு அழுத்தம் 148-லிருந்து 135-க்கு இறங்கியிருக்கும், அதாவது ஒன்பது சதவீத இழப்பு. டர்போ இல்லாத வண்டி அதே ஏற்றத்தில் 13 சதவீதம் இழக்கும். இ.சி.யு.வும் அது இயக்கும் சொலினாய்டு வால்வும் கொண்டு அந்த ஒன்பதையும் மீட்டுவிடலாம் என்றார் ட்யூனர். மீட்கலாம்தான். ஆனால் 85-லிருந்து 148-க்கு ஏற்ற, டர்போ 1.74 மடங்கு அமுக்க வேண்டும். மலைக்காற்று 26 டிகிரியாக இருந்தாலும் கம்ப்ரசரை விட்டு வரும்போது 100 டிகிரியை நெருங்கிவிடும். குளிர்ந்த ஊரில் கீழே இருப்பதைவிடச் சூடான காற்றை எஞ்சினுக்குத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டேன். எஞ்சினுக்குள் போகும் காற்றழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் முழு அழுத்தத்தை அளப்பதால், எரிபொருள் கணக்கு மலையில் தானாகவே சரியாக வருகிறது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமலும் பொதுச்சாலையில் ஓட்டினால், விபத்து நேரும்போது இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். முழு பூஸ்ட்டில் ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்குச் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடும் லாரிக்காரர்களின் பழக்கத்தை நானும் கடைப்பிடிக்கிறேன். அணைத்தவுடன் ஓட்டம் நின்ற எண்ணெய், சூடான பேரிங் வீட்டிலேயே கரியாகப் படியும் என்பதால். எண்ணெயை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மே மாத வெயிலுக்கு மட்டும் 0.4 பார் ஸ்பிரிங் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்ட ஆக்சுவேட்டரைக் கழற்ற வேண்டும், அரை மணி நேர வேலை.